ஜெராய் மலை நேர்ல மிரட்டுது, படத்துல ஏன் சப்பையா வருது?

பீடோங்_பையன்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் எழுதறேன். பொறந்து வளர்ந்தது மலேசியாவுல கெடா மாநிலம், பீடோங் பக்கம் தோட்டத்துல, இப்ப வேலை சுங்கைப்பட்டாணியில. ஷிப்ட் முடிஞ்சு மோட்டோல வீட்டுக்கு வர்றப்ப தினமும் ஜெராய் மலை முன்னால நிக்கும், அதுவும் மழை விட்ட சாயங்காலம்னா கேக்கவே வேணாம், பாதி மலையை மேகம் முழுங்கியிருக்கும், மேல உச்சி மட்டும் தனியா மிதக்கும், பாக்கறப்பவே வயித்துக்குள்ள ஏதோ பண்ணும். உடனே ஓரமா நிறுத்தி எடுப்பேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா மலை ஒரு சின்ன மேடு மாதிரி கிடக்கு, வானம் வெள்ளைக் காகிதம், முன்னால செம்பனை (எண்ணெய்ப் பனை) எல்லாம் ஒரே பச்சைக் குழப்பம். கேமரா செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ், அதோட வந்த கிட் லென்ஸ் 16-50 எம்எம். போன்லயும் எடுத்துப் பார்த்தேன், அதே கதி. கூட்டாளிங்க என்னான்னா "இங்க என்னடா இருக்கு, படம் எடுக்கணும்னா நியூசிலாந்து போ"ங்கறானுங்க. நிஜமாவே ஊர்தான் பிரச்சனையா, இல்ல வேற ஏதாவதா? யாராவது சொல்லுங்க.

மோட்டோ_மச்சான்
நியூசிலாந்துக்கு டிக்கெட் அவனுங்க எடுத்துத் தர்றாங்களான்னு முதல்ல கேளு தம்பி.

கெடா_கண்ணாடி
தம்பி, இது கணக்கு லா. ஜெராய் 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. பீடோங்ல இருந்து நேர்கோட்டுல பத்து கிலோமீட்டர் வச்சுக்கோ. அந்தத் தூரத்துல மலை உன் கண்ணுக்கு அடியில இருந்து உச்சி வரைக்கும் ஒரு ஏழு டிகிரிதான் எழும்பும். உன் லென்ஸோட 16 எம்எம், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கேமரா) கணக்குல 24. அதுல எடுத்தா படத்தோட உயரத்துல எட்டுல ஒரு பங்குதான் மலை, மிச்சம் ஏழு பங்கு வானமும் ரோடும் செம்பனையும். போனோட மெயின் கேமராவும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். அப்புறம் ஏன் நேர்ல பெருசா தெரியுதுன்னா நம்ம பார்வை மலையை மட்டும் பிடிச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் தள்ளிடும், கேமராவுக்கு அந்த வேலை தெரியாது. அதே இடத்துல நின்னு ஃபுல் ஃபிரேம் கணக்குல 100 எம்எம் போட்டுப் பாரு, மலை பாதி ஃபிரேமுக்கு வந்துடும். 200 போட்டா ஃபிரேம் முழுக்க மலையும் அதைச் சுத்தற மேகமும் மட்டும்தான், நீ சொன்ன அந்த வயித்துல பண்ற விஷயம் அங்கதான் இருக்கு. லேண்ட்ஸ்கேப்னாலே அகலமா எடுக்கற வைடு லென்ஸ்னு யூடியூப்ல சொல்றவங்க மலை அடிவாரத்துல நின்னுக்கிட்டு சொல்றாங்க, நம்ம நிலைமை வேற.

இன்னொன்னு, ஜெராய் தனி மலை. பக்கத்துல தொடர்ச்சி கிடையாது, கடல் மட்டத்துல இருக்கற வயக்காட்டுல இருந்து நேரா எழும்பி நிக்குது. அந்தக் காலத்துல கடாரத்துக்கு (பழைய கெடாவுக்கு) கப்பல்ல வந்தவங்களுக்கு தூரத்துல இருந்தே கரை அடையாளம் இதுதான். ஆயிரம் வருஷமா அடையாளமா நிக்கறதை உன் கூட்டாளி ஒன்னுமில்லேங்கறான், அவனை ஒரு நாள் மலைக்கு மேற்கால இருக்கற யான் பக்கம் கூட்டிட்டுப் போ.

பீடோங்_பையன்
அண்ணே இது யாருமே சொல்லலையே! போன்ல 3எக்ஸ் போட்டு இப்பதான் மாடியில இருந்து எடுத்துப் பார்த்தேன், உண்மையிலேயே வேற மலை மாதிரி இருக்கு. ஆனா எல்லாம் நீலமா மங்கலா, ஒரு துணி போட்டு மூடுன மாதிரி வருது. இதுக்கு என்ன பண்றது?

பால்வெட்டு_அங்கள்
தம்பி, நான் கேமராக்காரன் கிடையாது, மகள் வாங்கிக் குடுத்த போன்ல எடுக்கறவன். ரப்பர் மரத்துப் பால் வெட்டுல முப்பது வருஷத்துக்கு மேல, அப்புறம் கொஞ்ச நாள் மண்டோர் (மேஸ்திரி). விடியறதுக்கு முன்னாடி தலையில லைட்டு கட்டிக்கிட்டு மர நிரைக்குள்ள நடந்தவன், அதனால வெளிச்சத்தைப் பத்தி கொஞ்சம் தெரியும். நீ சொல்ற அந்த மங்கல், காத்துல இருக்கற ஈரமும் தூசியும். ராத்திரி நல்லா மழை அடிச்சு நடுராத்திரிக்கு மேல வானம் தெளிஞ்சு, காத்தே இல்லாம இருந்தா மறுநாள் காலையில தோட்டத்துக்குள்ள தரையோட தரையா பனி நிக்கும், மேல மலை கண்ணாடி மாதிரி தெரியும். அந்த மாதிரி நாள்ல வெட்டு லேட்டாத்தான் ஆரம்பிக்கும், மரம் ஈரமா இருந்தா பால் வெட்டுன கோட்டை விட்டு வழிஞ்சு வீணாப் போயிடும். வெட்டு இல்லாத நாள்தான் உன் படத்துக்கு நல்ல நாள்னு வச்சுக்கோயேன்.

ஜனவரி பிப்ரவரியில வடகிழக்குக் காத்து அடிக்கறப்ப நம்ம வடக்குப் பக்கம் காஞ்சு கிடக்கும், மலை தெளிவா தெரியும். அதே சமயம்தான் பால் மரம் இலை உதிர்க்கும். செம்பனை வந்த பிறகு நிறைய பேர் அதைப் பாக்கறதே இல்ல, ஆனா இன்னும் பால் மரம் இருக்கற தோட்டத்துல போய்ப் பாரு, பச்சை போயி மஞ்சள், செம்பு, சிவப்புன்னு மாறி ரெண்டு மூனு வாரத்துல மொட்டையா நிக்கும், காலடியில காஞ்ச இலை சரசரன்னு. வெளிநாட்டுல இலை சிவக்கறதைப் பாக்கறதுக்கு காசு கட்டிப் போறாங்க, நாங்க அதுக்குள்ள வாளி தூக்கிட்டு நடந்தோம். அந்தச் செவப்புக்கு நடுவுல நிரையோட கடைசியில மலை தெரியற இடம் ரெண்டு எனக்குத் தெரியும், ஆனா இங்க எழுத மாட்டேன், எழுதுனா மறுவாரம் கல்யாண ஜோடிங்க புகைக்குண்டு வெடிச்சிட்டு நிப்பாங்க.

தோட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல கிராணிகிட்ட (குமாஸ்தாகிட்ட) ஒரு வார்த்தை கேட்டுடு. ஜாகாவும் (காவல்காரரும்) உன்னை மாதிரி ஒருத்தர் வீட்டுப் பிள்ளைதான், இருட்டுல டார்ச்சும் கேமரா முக்காலியுமா ஒருத்தன் நின்னா அவர் பழம் திருடவந்தவன்னுதான் நினைப்பாரு.

ரிங்லெட்_அக்கா
அங்கள் சொன்ன அந்த புகைக்குண்டு 😂 இங்க தேயிலைத் தோட்டத்துலயும் அதே கூத்துதான்.

தம்பி, கேமரன் மலையில இருக்கேன், எல்லாரும் "உங்களுக்கென்ன, கதவைத் திறந்தா சீனரி"ம்பாங்க. கதவைத் திறந்தா பாதி நாள் வெள்ளை தான்பா, பனி இல்ல, மேகம், அதுக்குள்ளயே நிக்கறோம். பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்கு மேல, மேல ஏறுனா லென்ஸ் முன்னால தண்ணி முத்து முத்தா நிக்கும், துடைக்கத் துடைக்க நிக்கும். மைக்ரோஃபைபர் துணி ஒன்னு பத்தாது, நாலு அஞ்சு வச்சுக்கணும், ஈரமான துணி கண்ணாடியை இன்னும் மோசமாக்கும். ஸ்கூல் லீவுன்னா ரோடு ஜாம், நல்ல வெளிச்சத்துல நாம காடியிலதான் (காருலதான்) உக்காந்திருப்போம்.

ஒரு டிப்: ஈரமான இலை, தேயிலை, செம்பனை எது எடுத்தாலும் சிபிஎல் (போலரைசர்) ஃபில்டர் போடு. இலை மேல வெள்ளையா பளபளக்கறது போயிடும், உள்ளே இருக்கற பச்சை வெளிய வரும். நீ சொன்ன "பச்சைக் குழப்பம்" பாதி அதுலயே தீர்ந்துடும். ஆனா சூரியன் உன் முதுகுக்குப் பின்னாலயோ நேர் முன்னாலயோ இருந்தா வானத்துக்கு அது ஒன்னும் பண்ணாது, பக்கவாட்டுல இருக்கணும்.

அப்புறம் இதை யாரும் எழுதறதில்ல, நான் எழுதறேன். பொம்பளைங்களுக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒத்தையில மலை ரோட்டுல முக்காலி வச்சு நிக்கறது அவ்வளவு லேசு இல்ல. என் வீட்டுக்காரர் காடியில தூங்கிட்டிருப்பாரு, நான் வெளிய நிப்பேன், அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடுது. "கோல்டன் அவரை (காலை மாலை மஞ்சள் வெளிச்ச நேரத்தை) மிஸ் பண்ணாதீங்க"ன்னு எழுதற அண்ணன்மாருங்க இதையும் நினைச்சுக்கணும். அவர் வராத நாள்ல நான் வீட்டுப் பின்னால இருந்தே லாங் லென்ஸ்ல எடுக்கறேன், அதுலயும் நல்ல படம் வந்திருக்கு.

கெடா_கண்ணாடி
அக்கா சொன்னது சரியான பாயிண்டு. நம்ம ஊர்ல கோல்டன் அவர்னு பேரு மட்டும்தான், ஒரு மணி நேரமே கிடையாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குது, ஆறு டிகிரி உயரத்துல இருந்து மறையறதுக்கு ஏறக்குறைய 25 நிமிஷம். ஐஸ்லாந்துல கோடையில அதே வெளிச்சம் மணிக்கணக்கா நிக்கும், அங்க எடுத்த வீடியோ பார்த்துட்டு இங்க வந்து மெதுவா முக்காலி விரிச்சா அதுக்குள்ள இருட்டிடும். அதனால இடத்தை முதல் நாளே பார்த்து வச்சிடணும். இன்னொரு பக்கம் நமக்கு ஒரு லாபம், 1982ல கடிகாரத்தை முன்னால தள்ளுனதால சூரியன் 7 மணிக்கு மேலதான் எழும்பும், பிப்ரவரி தொடக்கத்துல கெடாவுல 7.30 தாண்டிடும். தே ஓ (பால் இல்லாத டீ) குடிச்சிட்டே போகலாம்.

இப்ப ஜெராய்க்கு வர்றேன். பீடோங்ல இருந்து மலை வடமேற்குல இருக்கு. டிசம்பர் ஜனவரியில காலைச் சூரியன் தென்கிழக்குல, அதாவது உன் முதுகுக்கு நேர் பின்னால. காத்து தெளிவா இருக்கும், ஆனா வெளிச்சம் மலை மூஞ்சியில நேரா அடிச்சு மடிப்பு ஒன்னும் தெரியாம தட்டையாக்கிடும். ஜூன் ஜூலையில சூரியன் வடகிழக்குல எழும்பும், அப்ப வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்து ஒவ்வொரு பள்ளமும் நிழலா எழுந்து நிக்கும். ஆனா அந்த மாசங்கள்லதான் புகைமூட்டம் ஆரம்பிக்கற பயமும் இருக்கு, 2015, 2019 எல்லாம் ஞாபகம் இருக்குமே, மலை இருக்கற திசையே தெரியல. ரெண்டும் சேர்ந்து கிடைக்கறது அபூர்வம், ஜூன்ல நைட் மழை பெய்ஞ்ச காலைதான் என் கணக்குல முதல் நம்பர்.

சாயங்காலத்துக்கு வேற கணக்கு. சூரியன் உச்சிக்குப் பின்னால இறங்கணும்னா பீடோங்ல நின்னா நடக்காது, ஜூன்லகூட உச்சிக்கு இடது பக்கமாத்தான் இறங்கும். பீடோங்குக்கும் அதுக்கு வடக்கால குரூண் ஊருக்கும் நடுவுல பழைய ரோட்டை ஒட்டி நகர்ந்துக்கிட்டே போ, ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு இடம் இருக்கு. மலை உயரமா இருக்கறதால ஆப்ல போட்டிருக்கற மறையற நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னாடியே சூரியன் மலைக்குப் பின்னால போயிடும், அதைப் பார்த்துட்டு "முடிஞ்சிடுச்சு"ன்னு கிளம்பிடாத, வானம் சிவக்கறது அதுக்கும் அப்புறம்தான்.

மோட்டோ_மச்சான்
இவ்வளவு கணக்கு தெரிஞ்சிருந்தா எஸ்பிஎம் பரீட்சையில நான் எங்கயோ போயிருப்பேன்

யான்_கரை
நம்ம பக்கத்தையும் சொல்லிடறேன். யான்ல இருந்து பார்த்தா மலை கிழக்க, அதனால காலையில பின்வெளிச்சம், சாயங்காலம் கடல் பக்கத்துச் சூரியன் நேரா மலை மேல மஞ்சளா அடிக்கும். பீடோங்காரங்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம், சண்டையே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல்லு, நடவுக்கு முன்னாடி வயல்ல தண்ணி கட்டுவாங்க, அந்த கொஞ்ச நாள்தான் மலை தலைகீழா தண்ணியில தெரியும். நாத்து எழும்பிட்டா போச்சு, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். அறுப்பு முடிஞ்சு வைக்கோல் கொளுத்துனா ரெண்டு கிலோமீட்டருக்கு ஒன்னும் தெரியாது, சில பேர் அந்தப் புகையையே மூடு மாதிரி எடுக்கறாங்க, எனக்கு இருமல்தான் வருது. வரப்பு மேல முக்காலி வச்சா கால் மெதுவா மண்ணுக்குள்ள இறங்கும், லாங் எக்ஸ்போஷர்ல எல்லாம் ஆடிப்போயிடும், மூனு காலுக்கும் அடியில தட்டைப் பலகை துண்டு வச்சுக்கோங்க. வயல்காரப் பாச்சிக்கிட்ட (மலாய்ப் பெரியவர்கிட்ட) கேட்டுட்டு இறங்குங்க, வரப்பை உடைச்சா தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடும், அவங்களுக்கு அது சோறு.

அருவி பக்கம் போறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பா எழுதறேன். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி ஜெராய் மேல பெய்ஞ்ச மழையில தண்ணியும் மரமும் பாறையும் ஒன்னா இறங்கி வந்து யான் பக்கம் என்ன ஆச்சுன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், உயிர் போச்சு, வீடு போச்சு. கீழ வெயில் அடிச்சுக்கிட்டே இருக்கும், மேல மழை பெய்யும், நமக்குத் தெரியாது. தண்ணி திடீர்னு கலங்குனா, இலை சுள்ளி மிதந்து வந்தா, சத்தம் மாறுனா, முக்காலியைக்கூட விட்டுட்டு ஏறிடுங்க, ஆத்தோரமா ஓடாதீங்க, பக்கவாட்டுல மேட்டுக்கு ஏறுங்க. பட்டு மாதிரி தண்ணி வேணும்னு ஆத்துக்கு நடுப்பாறையில நின்னு வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் போட்டு முப்பது செகண்ட் எண்ணிக்கிட்டு இருக்கறவங்களைப் பார்த்தா எனக்கு நெஞ்சு அடைக்குது. கரையில நின்னு அரை செகண்ட்ல எடுத்தாலே தண்ணி நல்லாத்தான் இழுபடும், முப்பது செகண்ட்ல அது தண்ணி மாதிரியே இருக்காது.

பீடோங்_பையன்
நன்றிண்ணே. மலைக்குள்ள ஏறி எடுக்கறதுக்கு பெர்மிட் வேணுமா?

யான்_கரை
குரூண் பக்கமிருந்து மேல போற தார் ரோடு எல்லாரும் போறது, பிரச்சனை இல்ல. காட்டுப் பாதையில ஏறணும்னா அது ரிசர்வ் காடு, வனத்துறையில பெர்மிட் வாங்கணும், மலை வழிகாட்டியோட போறது நல்லது. அட்டைக்கு நீள சாக்ஸ். அட்டை கடிச்சா ஒன்னும் ஆகாது, ஆனா ஷட்டரை அமுக்கற நேரத்துல காலைப் பார்த்துடுவோம், அதுதான் கஷ்டம்.

டிரோன்_தம்பி
டிரோன் பறக்க விட்டா மேட்டர் ஓவர் இல்லையா? ஏன் எல்லாரும் வரப்புல கஷ்டப்படறீங்க

கெடா_கண்ணாடி
@டிரோன்_தம்பி 400 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு சிஏஏஎம் (விமானப் போக்குவரத்து ஆணையம்) விதி, ஜெராய் அதைவிட பத்து மடங்கு உயரம், அதனால நீ மேல போனாலும் மலை உன்னைக் குனிஞ்சுதான் பாக்கும். பட்டர்வொர்த்துல விமானப் படைத் தளம் இருக்கு, தெற்கால போகப் போக எந்த வான்வெளியில நிக்கறோம்னு பார்த்துக்கணும். வானத்துல இருந்து படம் எடுக்கறதுக்கு ஜூப்பெம் (நில அளவைத் துறை) அனுமதி தனி. எல்லாம் சரி பண்ணிட்டு எடு, வயல் கட்டம் கட்டமா தண்ணியோட இருக்கறப்ப மேல இருந்து அழகுதான், மறுக்கல.

பச்சை_உண்மை
நான் ஒன்னு சொல்லட்டுமா? இங்க போடற பாதிப் படத்துல வானம் பொய். எடிட் பண்ணாம எடுங்க. மலை எப்படி இருக்கோ அப்படியே. போன வாரம் ஒருத்தர் ஜெராய்க்குப் பின்னால பால்வீதி நிக்கிற மாதிரி போட்டிருந்தாரு, சுங்கைப்பட்டாணி லைட்டுக்கு அங்க நாலு நட்சத்திரம் தெரிஞ்சாலே பெருசு.

ரிங்லெட்_அக்கா
வானத்தை வெட்டி ஒட்டறது வேற, எடிட் வேற. கேமரா தர்ற ஜேபெக்கையே அந்தக் கம்பெனிக்காரன் எடிட் பண்ணித்தான் தர்றான். அன்சல் ஆடம்ஸ் 1927ல யோசெமிட்டில ஹாஃப் டோம் பாறையை எடுக்கறப்ப சிவப்பு ஃபில்டர் போட்டு பகல் வானத்தை கிட்டத்தட்ட கறுப்பாவே ஆக்கிட்டாரு. ஏன்னா அவருக்கு அந்தப் பாறை நேர்ல அப்படித்தான் தோணுச்சு. டார்க் ரூம்ல இங்க வெளிச்சம் கூட்டு, அங்க குறைன்னு அதுக்கும் மணிக்கணக்கா உக்காருவாரு. அதைப் பொய்னு சொல்லுவீங்களா?

பச்சை_உண்மை
அவர் அங்க இருந்த வானத்தைத்தானே கறுப்பாக்குனாரு. கலிபோர்னியா வானத்தைக் கொண்டாந்து பீடோங்ல ஒட்டலையே

ரிங்லெட்_அக்கா
அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிதான், எதுக்கு சண்டை 😄

கெடா_கண்ணாடி
என் கோடு இதுதான்: அந்த நேரம் அந்த இடத்துல இருந்தது எதுவோ அதைக் கூட்டலாம் குறைக்கலாம், இல்லாததைக் கொண்டு வரக்கூடாது. தம்பி, உன் வெள்ளை வானத்துக்கு இதுலதான் பதில் இருக்கு. ரா (RAW) ஃபைலா எடு, வானம் வெள்ளையா வெடிக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைச்சு எடு, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு காட்டற வரைபடம்) வலது சுவத்துல இடிக்காம பார்த்துக்கோ. தரை இருட்டா வரும், பரவால்ல, பிறகு தூக்கலாம், வெடிச்ச வானத்தை எந்த சாமி வந்தாலும் திருப்ப முடியாது. ரொம்ப வித்தியாசம் இருந்தா மூனு எக்ஸ்போஷர் எடுத்து சேரு. மேல்பாதியை மட்டும் இருட்டாக்கற கிராட் ஃபில்டர் வாங்காத, ஜெராய் மாதிரி நடுவுல நீட்டிக்கிட்டு நிக்கற மலைக்கு அது உச்சியையும் சேர்த்துக் கறுப்பாக்கும். எடிட்ல மங்கலைக் குறைக்கற டீஹேஸ் ஸ்லைடரைக் கொஞ்சமா தொடு, 60க்கு இழுத்தா மலை சாக்கடை கலர்ல வரும். லாங் லென்ஸ்ல பத்து மணிக்கு மேல எடுக்காத, தார் ரோட்டுச் சூட்டுல காத்து நெளியும், எவ்வளவு விலை லென்ஸா இருந்தாலும் ஷார்ப்பா வராது.

பால்வெட்டு_அங்கள்
சாயங்கால மேகம் பத்தி ஒன்னு. ஏப்ரல் மே, அப்புறம் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மத்தியானத்துக்கு மேல மலை மேல கறுப்பா கட்டும், படத்துக்கு அதைவிட மிரட்டலா ஒன்னும் கிடையாது, நானே போன்ல எடுத்து மகளுக்கு அனுப்புவேன். ஆனா மின்னல் விழற ஊரு இது. திறந்த வயல்ல முக்காலியோட நீ மட்டும் உயரமா நிக்காத, ஒத்தை மரத்துக்கு அடியிலயும் போகாத. இடிச் சத்தம் கேட்டுச்சுன்னா காடிக்குள்ள ஏறிடு. மோட்டோல வந்தவன் கடைக்குள்ள ஓடிடு. கூரைக்கு அடியில இருந்தே எடு.

மோட்டோ_மச்சான்
அங்கள், மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஸிங்க் கூரைக்கு அடியில இருந்து எடுத்த என் படத்துக்குத்தான் இதுவரைக்கும் அதிக லைக்கு. ரொட்டி சானாயும் ஃபிரேம்ல இருக்கு.

பீடோங்_பையன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். ஒரு முடிவுக்கு வந்துட்டேன், வைடு லென்ஸ் வாங்க சேர்த்த காசுல பழைய 55-210 லாங் லென்ஸ் மாதிரி ஒன்னு வாங்கப் போறேன். 400 வெள்ளி (ரிங்கிட்) வச்சிருக்கேன். செகண்ட் ஹேண்ட்ல என்ன பாக்கணும்?

கெடா_கண்ணாடி
பங்கஸ் (பூஞ்சை). லென்ஸுக்கு ஒரு பக்கம் போன் டார்ச் அடிச்சு மறுபக்கத்துல இருந்து பாரு, உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை இருந்தா வாங்காத, எவ்வளவு மலிவா இருந்தாலும். வாங்குன பிறகு டிரை பாக்ஸ்ல 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்துல வை, நம்ம ஊர் ஈரத்துல பையிலயே போட்டு வச்சா கண்டிப்பா வரும். ஏர்கோன் (ஏசி) ரூம்ல இருந்து நேரா வெளிய எடுத்தா கண்ணாடி முழுக்க ஆவி கட்டும், பையை மூடினபடியே கால் மணி, அரை மணி நேரம் வெளிய வச்சிட்டு அப்புறம் திற.

யான்_கரை
என்கிட்ட ஒன்னு சும்மா கிடக்கு தம்பி, ஃபுல் ஃபிரேமுக்கு மாறிட்டேன். டார்ச் அடிச்சே பார்த்துக்கோ. 350க்கு தர்றேன், ஆனா நீ இங்க வந்துதான் எடுத்துக்கணும், சாயங்காலமா வா, அடுத்த வாரம் தண்ணி கட்டறாங்க.

மோட்டோ_மச்சான்
350ஆ? 300க்கு கேளுடா தம்பி